வெந்நீர் வாளியும் இரண்டு சாட்சிகளும்

எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு திட்டு இருக்கிறது. உள்ளே ஊற்றுகிற தண்ணீர் வெளியே வழியாமல் இருக்கக் கொத்தனார் வைத்துக் கட்டியது. மூன்று அங்குல உயரம். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன். ஆனால் மகளின் ஸ்கேலை வாங்கி அதன் உயரத்தை அளந்து பார்த்தது போன மார்கழியில், மகன் காலில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தபோதுதான்.

நாங்கள் இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். மார்கழியில் விடிகாலைத் தண்ணீர் கையில் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். கணவருக்குத் தேங்காய் மண்டியில் வேலை, ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். நான் ஒரு கயிறு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. அத்தை, அதாவது மாமியார், எங்களோடு இருக்கிறார். மாடியில் கொழுந்தனார் குடும்பம். காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அதற்கு முன்னால் இரண்டு பேரையும் தண்ணி வாத்து, தோசை ஊட்டி, தலை பின்னி அனுப்பியாக வேண்டும். இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

கீசர் பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆள் வருவான், வருவான் என்று இருந்துவிட்டோம். அதுவரைக்கும் ஹீட்டர் ராடு. ராடின் ஒயர் குட்டை. பிளக் பாயின்ட் குளியலறைக்கு வெளியே, வாஷ்பேசின் பக்கத்தில். அதனால் வாளி திட்டுக்கு வெளியே, கால்மிதியின் மேலே நிற்கும். சூடானதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை எடுத்து வைத்துவிட்டு வாளியைத் தூக்கி உள்ளே வைப்பேன். மூன்று வாரமாக இதுதான் பழக்கம். அன்றைக்கு ராடை எடுத்தேன். வாளியைத் தூக்குவதற்குள் அடுப்பில் தோசை தீய்கிற வாசம் வந்தது. ஓடினேன்.

பின்கட்டில் இரண்டும் சண்டை போடும் சத்தம். யார் முதலில் குளிப்பது என்று. அதுவும் தினப்படி நடக்கிற சண்டைதான். "அங்க என்ன சத்தம்?" என்று அடுப்பங்கரையிலிருந்தே ஒரு அதட்டுப் போட்டேன். அடுத்த நொடி வாளி கவிழ்கிற சத்தம். அப்புறம் அவன் அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது சின்னவன் குளியலறைக்குள் நனைந்த பைஜாமாவோடு உட்கார்ந்து துடிக்கிறான். பெரியவள் வெளியே சுவரோடு ஒட்டி நிற்கிறாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யாரு பண்ணது?"

"அவன்தாம்மா இழுத்தான்."

"அக்காதான்... அக்கா தள்ளி உட்டுட்டா."

"உண்மையச் சொல்லுங்க, யாரு பண்ணது?"

இரண்டாவது முறையும் கேட்டேன். ஒருத்தி அழுதுகொண்டே அவனைக் காட்டுகிறாள். ஒருத்தன் கதறிக்கொண்டே அவளைக் காட்டுகிறான். நான் பெரியவளை ஓங்கி ஓர் அறை விட்டேன். பெரியவள் என்பதால்தான், வேறு ஒரு காரணமும் இல்லை. அதற்குள் அத்தை டூத்பேஸ்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து அவன் காலில் அப்ப ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த கொழுந்தனார் மனைவிதான், "அக்கா, மொதல்ல தண்ணிய ஊத்துங்க" என்று கத்தினாள். அவனைத் தூக்கிக் குழாயடியில் உட்கார வைத்தோம். எவ்வளவு நேரம் போயிருக்கும்? மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. பைஜாமா அப்போதும் அவன் காலிலேயே இருந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் நிதானமான மனிதர். வரிசையாகக் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் பட்டது? கொதித்த தண்ணியா, குளிக்கிற சூடா? தண்ணி ஊத்தினீங்களா, எவ்வளவு நேரம்? துணியை எப்போ கழட்டினீங்க? கடைசிக் கேள்விக்கு நான் திருதிருவென்று விழித்தேன். ஆட்டோவில் ஏற்றும்போதுதான் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தோம். அவர் திட்டவில்லை. வெறுங்காலாக இருந்த பாதத்தையும் துணி ஒட்டியிருந்த கெண்டைக்கால் பக்கத்தையும் காட்டினார். பாதத்தில் பட்ட தண்ணீர் பட்டு வழிந்து போய்விட்டது. அங்கே சிவந்து, இரண்டு சின்னக் கொப்புளம். துணி இருந்த இடத்தில் தண்ணீர் போகவில்லை. சூட்டைத் துணி பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே தோல் உரிந்து ஈரமாக இருந்தது. கணுக்காலில் திருஷ்டிக்காகக் கட்டிய கறுப்புக் கயிறு ஒன்று. அதன் அடியில் இன்னும் ஆழம். கயிற்றை அவர்கள் வெட்டும்போதுதான் அது அங்கே இருந்ததே எனக்கு நினைவுக்கு வந்தது. ஆறிய பிறகு இன்றைக்கும் தழும்பாக நிற்பது அந்த ஒரு இடம் மட்டும்தான், வளையம் போட்ட மாதிரி.

டூத்பேஸ்டைத் துடைத்து எடுத்ததுதான் அன்றைக்கு அவனுக்குப் பெரிய வேதனை. வெந்நீர் பட்டபோது கத்தியதைவிட அப்போது அதிகம் கத்தினான். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. பேஸ்ட் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சூட்டை அது எடுக்காது, மேலே மூடி வைத்துவிடும். காயத்தின் ஆழத்தைப் பார்க்க மருத்துவர் அத்தனையையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். இங்க், மாவு, மஞ்சள், நெய், தேங்காயெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஐஸ் கட்டியும் கூடாது. வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும்.

அன்று மருத்துவமனையில் இருந்த நர்ஸம்மா சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சுடுதண்ணீர் பட்டால் முதலில் துணியைக் கழற்ற வேண்டும். கொலுசு, வளையல், மோதிரம், அரைஞாண், கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வீங்கும், அப்புறம் கழற்ற முடியாது. துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது, சுற்றிலும் வெட்டி எடுக்கலாம். அப்படியே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து இருபது. ஐந்து நிமிடம் ஆனதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும், நமக்கும் போதும் என்று தோன்றும். நிறுத்தக் கூடாது. பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும்கூடத் தண்ணீர் ஊற்றுவதில் பலன் உண்டு என்கிறார்கள். அதனால் நேரம் போய்விட்டதே என்று விட்டுவிட வேண்டாம். மார்கழிக் குளிரில் சின்னப் பிள்ளைக்கு உடம்பே விறைத்துவிடும், ஆகவே காயத்தில் மட்டும் தண்ணீர் விழ, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லை. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். குழாயைத் திறந்து முதலில் நம் கையில் பிடித்துப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. குடத்துத் தண்ணீர் இருந்தால் அது மேல்.

அப்புறம் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடிக்கொண்டு கிளம்பலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். எது வீட்டோடு போகும், எதற்கு மருத்துவமனை என்று அந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன். பிள்ளையின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்துக் காயத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். அது அந்த உடம்பில் சுமார் ஒரு சதவீதம். அந்த அளவுக்கு மேல் இருந்தால் காட்டிவிட வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் அளவே பார்க்க வேண்டாம், உடனே போக வேண்டும். வெந்த இடம் வெள்ளையாக இருந்து வலியே தெரியவில்லை என்றால் நிம்மதி அடையக் கூடாது. அது ஆழமான காயம். பிள்ளைகளுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டினால் உடம்பில் நீர் வற்றிப்போகும், டிரிப் ஏற்ற வேண்டிவரும். அப்படி என்றால் ஆட்டோ தேடாமல் 108ஐ அழைப்பதுதான் சரி. என் மகனுக்கு நான்கு சதவீதம் என்று எழுதினார்கள். பாதம் என்பதால் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

முதல் நாள் ராத்திரி நான் மருத்துவமனையில். வீட்டில் அத்தை பெரியவளுக்குச் சோறு போட்டிருக்கிறார். அவள் ஸ்பூன் கேட்டாளாம். ரசம் சோற்றுக்கு எங்கள் வீட்டில் யாரும் ஸ்பூன் கேட்டதில்லை. "என்ன அம்மணி, கையக் காட்டு" என்று அத்தை இழுத்துப் பார்த்தால், வலது கையில் மூன்று விரல் கொப்பளித்துக் கிடக்கிறது. காலையில் பட்டது. பள்ளிக்கூடம் போகாமல் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறாள். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. பாவாடைக்குள் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஏஞ்சாமி சொல்லல?" என்று கேட்டதற்கு, "நான்தான் பண்ணேன்னு அம்மா அடிச்சாங்கல்ல" என்றாளாம். அத்தை போனில் இதைச் சொன்னபோது நான் வார்டு வராந்தாவில் நின்றிருந்தேன். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஓர் இடத்துக்காகத்தான். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு விபத்து நடந்து, "யாரு பண்ணது" என்று ஒரு சத்தம் எழுந்துவிட்டால், குற்றவாளி ஆகிவிட்ட பிள்ளை தன் காயத்தை மறைத்துவிடும். என் மகள் மறைத்தது கொப்புளத்தை. நல்லவேளை, விரலோடு போயிற்று. அதுவே மாத்திரையை முழுங்கியதையோ, பட்டன் பேட்டரியை வாயில் போட்டதையோ, தலையில் அடிபட்டதையோ ஒரு பிள்ளை மறைத்திருந்தால்?

சரி, கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு சொந்தபந்தம் பார்க்க வரத் தொடங்கியது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி. வருகிற ஒவ்வொருவரும் கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்பது, "எப்படிரா தங்கம் ஆச்சு? யாரு பண்ணா?" அவனும் சொல்வான். முதல் நாள், "அக்கா தள்ளி உட்டுட்டா." மூன்றாம் நாள், "அக்கா கோவத்துல தள்ளி உட்டுட்டா." நாத்தனார் வந்தபோது, "அக்கா எம்மேல சுடுதண்ணிய ஊத்திட்டா" என்று ஆகியிருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கிறவர்கள் "ஐயோ" என்று எங்கே சொல்கிறார்களோ அந்த இடம் அடுத்த தடவை கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். பெரியவர்களும் கல்யாண வீட்டுக் கதைகளை இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ஆள் வருகிற சத்தம் கேட்டாலே பெரியவள் எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காணிக்குப் போய்விடுவாள்.

நான்காம் நாள் முதல் வாசலிலேயே சொல்லத் தொடங்கினேன். "எப்படி ஆச்சுன்னு அவன்கிட்டக் கேக்காதீங்க, வெந்நீர் வாளி கவுந்துருச்சு, அவ்வளவுதான்." இரண்டு பேர் முகம் சுருங்கியது. பரவாயில்லை. காயம் பட்ட பிள்ளையைப் பார்க்க வருபவர்கள், காயம் படாத பிள்ளைக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் தனியாக வாங்கி வந்தால் நல்லது. என் சித்தி ஒருவர்தான் அப்படிச் செய்தார்.

இதற்கு நடுவில் இன்னொரு வழக்கும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கீசர் வழக்கு.

"ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னது நீதானடா."

"நீங்கதானண்ணா, பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"அன்னிக்கு மண்டிக்குப் போறப்பச் சொன்னீங்க."

என் கணவருக்கு நாற்பத்து நான்கு வயது, கொழுந்தனாருக்கு நாற்பது. திண்ணையில் உட்கார்ந்து இருவரும் அரை மணி நேரம் இதைப் பேசினார்கள். கட்டிலில் இருந்தபடியே சின்னவன் இதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதே ராகம், இதே தாளம். அவனுக்குப் பாடம் எங்கேயிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. கீசர் அந்த வாரமும் சரியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி என் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. எனக்கு ஆறு வயது, அவனுக்கு ஒன்பது. வேப்ப மரத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து ஆட்டுக்கல்லில் மோதியது. நான் வேகமாகத் தள்ளியதால்தான் விழுந்தான் என்பது அவன் கட்சி. கயிறு நழுவியது, நான் தொடவே இல்லை என்பது என் கட்சி. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் குடும்பத்து விசேஷங்களில் இந்த வழக்கு ஒரு தடவையாவது எழும். "இப்பவாவது நெசத்தச் சொல்லு" என்றேன். "நெசந்தான் சொல்றேன். உன்ற கை எம்முதுகுல பட்டது இன்னும் ஞாபகம் இருக்குது" என்றான். எனக்கோ, கொடுக்காய்ப்புளி பொறுக்கிக்கொண்டு தள்ளி நின்றது அப்படியே கண் முன்னால் நிற்கிறது. அவன் பொய் சொல்லும் ஆள் இல்லை. நானும் இல்லை. "சரி, அன்னிக்கு அடி யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உனக்குத்தான். தொடப்பக்கட்டையில" என்றான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்கேல் வாங்கித் திட்டை அளந்தேன். அதே வாளியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, அதே கால்மிதியின் மேல் வைத்தேன். முதலில் பெரியவளை மட்டும் கூப்பிட்டேன். "யாருங்கிற பேச்சே வேண்டாம். உன் கை எங்க இருந்துச்சு, கால் எங்க இருந்துச்சு, அத மட்டும் காட்டு." அவள் வெளியே நின்று வாளியின் பிடியைப் பிடித்துக் காட்டினாள். அப்புறம் அவனைத் தூக்கி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவன் குளியலறைக்குள் இருந்தபடி வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் காட்டினான்.

இருவரும் காட்டியதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாக இருந்தது. அவன் முதலில் உள்ளே போய்விட்டான், வாளியை உள்ளே இழுக்கிறான். இவள் வெளியே, தன் முறை என்று பிடியைப் பிடித்து நிறுத்துகிறாள். இரண்டு பக்கமும் சம பலம், வாளி நிற்கிறது. அப்போது அடுப்பங்கரையிலிருந்து என் அதட்டல். பயந்து இவள் பிடியை விட்டுவிட்டாள். இழுத்துக்கொண்டிருந்தவன் பக்கம் வாளி போகிறது, அடிப்பாகம் திட்டில் இடிக்கிறது, மேல்பாகம் கவிழ்கிறது. எதிர்ப்பக்கம் சட்டென்று விட்டதை அவன் உடம்பு தள்ளியதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. "அவன்தான் இழுத்தான்" என்று அவள் சொன்னதும் சரி. "அக்கா தள்ளி உட்டுட்டா" என்று அவன் சொன்னதும் அவன் அளவில் சரி. இரண்டு சாட்சியும் உண்மை. மூன்றாவது ஆள் ஒருத்தி, அடுப்பங்கரையில் இருந்தாள்.

"அப்பறம் அக்கா மறுபடியும் புடிச்சா" என்றான் சின்னவன், தானாகவே.

"என்னத்தப் புடிச்சா?"

"வாளிய. கவுறப்ப இப்படிப் புடிச்சா." விளிம்புக்கு உள்ளே விரலை விட்டுப் பிடித்துக் காட்டினான்.

அந்த மூன்று விரல் எப்படி வெந்தது என்று பத்து நாளாக எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அவள் தலை குனிந்து நின்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிய வசனமெல்லாம் இல்லை. "அன்னிக்கு உன்ன அடிச்சது தப்பு கண்ணு. வாளிய அங்க வெச்சுட்டுப் போனது நான், கத்துனதும் நான்." தம்பி இருக்கும்போதே சொன்னேன். அடித்தது அவன் முன்னால் என்றால் இதுவும் அவன் முன்னால்தானே இருக்க வேண்டும். ராத்திரி அவள் அப்பாவிடமும், அத்தையிடமும் அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். நாத்தனாருக்குப் போன் போட்டும் சொன்னேன். அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சூடான தலையோடு இந்த மாதிரி நடத்திக் காட்டச் சொல்லக் கூடாது. அன்றே செய்திருந்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகியிருக்கும். காயம் ஆறத் தொடங்கி, அவனும் சிரிக்க ஆரம்பித்த பிறகு செய்ததால் இரண்டு பேருக்கும் அது விளையாட்டு மாதிரி இருந்தது. மிஞ்சிய தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றினார்கள்.

அப்புறம் நான் கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுகிறவள் புத்தி அப்படித்தான் போகும். எங்கள் ராடு 1500 வாட். வாளியில் 15 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி சூடு ஏறும். மார்கழித் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பதினைந்து நிமிடத்தில் குளிக்கிற பதம் வந்துவிடும். நான் அன்று அரை மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தேன். 60 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டில் பெரியவர்கள் தோலே ஐந்து நொடியில் ஆழமாக வெந்துவிடும், பிள்ளைகள் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம். ஏன் அவ்வளவு நேரம் போட்டோம்? கொதிக்க வைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு வாளி இரண்டு வாளி ஆகும் என்கிற சிக்கனம்.

அத்தை இதற்கு ஒன்று சொன்னார். அவர் காலத்தில் வெந்நீர் விளாவும்போது பச்சைத் தண்ணீரைத்தான் முதலில் ஊற்றுவார்களாம், அதன் மேல்தான் சுடுதண்ணீர். பிள்ளை அவசரப்பட்டுக் கையை விட்டாலும் வேகாது. பொடக்காணியில் வெந்நீர் அடுப்பு இருக்கும். அண்டாவை அடுப்போடு சேர்த்து மண் பூசிப் பதித்திருப்பார்கள், இழுத்தாலும் அசையாது. சொம்பு சொம்பாக மொண்டுதான் ஊற்ற முடியும். அந்த அடுப்புப் புகையில் கண் எரிந்ததையும் அவரே சொல்வார். ஆனாலும் தூக்கிக்கொண்டு நடக்கிற கொதிநீர் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

கீசர் கடைசியில் வந்தது. ஆளைக் கூட்டி வந்தது கொழுந்தனார், பணம் கொடுத்தது இவர். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்குக் கீழே வைத்துக் கொடுக்கச் சொன்னேன். கரண்ட் போகிற நாட்களுக்கு, கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்தாலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரியவர்கள் மட்டும், நடக்கும்போது "சூடு, சூடு" என்று சொல்லிக்கொண்டே. மெயின் பெட்டியில் மின்கசிவு வந்தால் விழுகிற 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் ஒன்றும் மாட்டினோம். வெந்நீர்க் கதைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மூன்று வாரம் கால்மிதி ஈரத்தில் நின்று நான் அந்த ராடைப் பிடுங்கியதை எலக்ட்ரீஷியனிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ராடைப் பயன்படுத்துகிறவர்கள் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இரும்பு வாளி கூடவே கூடாது.

காயத்தைப் பொறுத்தவரை, பாதம் பத்து நாளில் ஆறியது. கெண்டைக்காலுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆறிய பிறகு வந்த அரிப்புதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. யாரும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ராத்திரியில் சொறிந்து மறுபடி புண்ணாக்கிக்கொள்வான். நகத்தை ஒட்ட வெட்டி, மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவி, பழைய காட்டன் சாக்ஸைப் போட்டுவிட்டுத் தூங்க வைத்தேன். புதுத்தோல் கறுத்துவிடும் என்று கொஞ்ச மாதம் வெயில் படாமல் பார்க்கச் சொன்னார்கள். ஏழு வயதுப் பையனைப் பொள்ளாச்சி வெயிலில் காட்டாமல் வைத்திருப்பதற்கு எந்த மருத்துவரிடமும் வழி இல்லை.

வீட்டில் ஒரே ஒரு சட்டம் புதிதாகப் போட்டோம். எது உடைந்தாலும், கொட்டினாலும், யாருக்கு அடிபட்டாலும் முதலில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் அடி கிடையாது. யார் என்கிற விசாரணை சாயங்காலம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு. சட்டம் போடுவது சுலபம், நான் கட்டுப்படுவதுதான் கஷ்டம். முதல் மாதத்தில் இரண்டு முறை வாய் "யாரு..." என்று ஆரம்பித்துவிட்டது, பாதியில் கடித்துக்கொண்டேன். என் கணவர் இன்னும் பழகவில்லை. அவர் "ஏன்டா" என்றுதான் ஆரம்பிக்கிறார். அத்தை மட்டும் ஆச்சரியமாக உடனே பிடித்துக்கொண்டார், "கை கால் நல்லா இருக்குதா?" என்றுதான் இப்போது முதலில் கேட்கிறார். டூத்பேஸ்டைக் கைவிடத்தான் அவருக்கு மனமில்லை.

போன வாரம் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம். வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு கனத்த அமைதி வரும். அன்று வரவில்லை. இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"அம்மா, டம்ளர் ஒடஞ்சு போச்சு. யாருக்கும் படல."

"செருப்புப் போட்டுட்டு வாம்மா."

இரண்டே நொடி இடைவெளி.

"அவன்தாம்மா."

"இல்லம்மா, அக்காதான்."

துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் பெருக்கி முடிக்கிற வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.